முகவரிடம் சொன்னதும் பத்திரத்தில் ஏறாததும்

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே ஏ-9 வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு, வாகன வெளிச்சத்தில் மாடுகளின் கண்கள் மட்டும் திடீரென மின்னும் அந்தக் கணம் நன்கு தெரிந்திருக்கும். அந்தப் பயத்தினால்தான் என் கப் வாகனத்தின் முன்னால் பஃபலோ பார் எனும் இரும்புத் தடுப்புச் சட்டம் ஒன்றைப் பூட்டினேன். நெல் மூட்டை ஏற்றும்போது பின்புறம் தாழாதிருக்க ஸ்பிரிங்கில் ஒரு தட்டுக் கூட்டினேன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளுக்காகச் சற்றுப் பெரிய ரயர்களும் போட்டேன். இவை அனைத்தையும் கிளிநொச்சித் தேநீர்க் கடையொன்றில் காப்புறுதி முகவரிடம் சொன்னேன். "அது பிரச்சினையில்லை அண்ணை" என்றார். அத்துடன் கடமை முடிந்ததென்று நம்பிவிட்டேன்.

காலபோக அறுவடை நாட்களில், பரந்தன் சந்திக்கு அருகில் வெளிச்சமின்றி நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் மோதினேன். மறுநாள் வந்த மதிப்பீட்டாளர் நொறுங்கிய விளக்கைப் பார்க்கவில்லை. குனிந்து படுத்து, ஸ்பிரிங் தட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு, காப்புறுதி எடுத்த நாளில் பிடித்த படத்தைத் தொலைபேசியில் விரித்து ரயரோடு ஒப்பிட்டார். "எந்தக் கடிதத்தில் அறிவித்தீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் கடிதம் இல்லை. ஆறு வாரம் அலைந்தபின் விளக்குக்கும் பொனற்றுக்கும் பணம் கிடைத்தது. பாருக்கும் ரயருக்கும் கிடைக்கவில்லை, பார் பூட்டிய இடத்தில் வளைந்த சேசிக்கும் (வாகனத்தின் அடிச்சட்டகத்துக்கும்) கிடைக்கவில்லை.

அன்று கோபப்பட்டேன். ஆனால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது பின்னர் விளங்கியது. பார், மோதலின் விசையை நேரே சேசிக்குக் கடத்துகிறது. பெரிய ரயர் போட்டால் மீற்றர் காட்டுவதை விட வண்டி கூடுதல் வேகத்தில் ஓடும். உயர்ந்த வண்டி வளைவில் இலகுவாகச் சரியும். ஸ்பிரிங்கில் எவ்வளவு தட்டுக் கூட்டினாலும், ஏற்றலாம் என்று பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறை அதனால் அதிகரிக்காது. ஆபத்தை மதிப்பிடத் தேவையான எதையும் காப்புறுதி கேட்பவர் மறைக்கலாகாது என்பது, 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு இங்கிலாந்தில் அளித்த தீர்ப்பிலிருந்தே வழங்கிவரும் நெறி.

எங்கள் ஊரில் பலர், சொன்னால் காப்புறுதிக் கட்டுப்பணம் கூடிவிடும் என்று அஞ்சியே வாயைத் திறப்பதில்லை. கூடலாம்; ஆயினும் சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய், ஒரு போக உழைப்பை இழக்கும் நிலையில் நிற்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானை வாடகைக்கு ஓட விடுவதும் அறிவிக்க வேண்டிய மாற்றமே. இயந்திரத்தையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

ஆகவே பூட்டுவதற்கு முன்னரே எழுதுங்கள். என்ன பொருள், எந்த இடத்தில், எவ்வளவு செலவு என்பதைக் குறிப்பிட்டு, கடையின் விலைமதிப்பீட்டையும் படங்களையும் இணைத்து, கிளை அலுவலகத்தில் நேரிற் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியுடன் முத்திரை வாங்குங்கள். அதன்பின் காப்புறுதிப் பத்திரத்துடன் சேர்க்கும் திருத்தக் குறிப்பு கைக்கு வரும்வரை விடாது கேளுங்கள்.

மழைக்குத் தறப்பாள் போட, பின்பெட்டிக்கு ஓர் இரும்புச் சட்டகம் அடித்து வைத்திருக்கிறேன். கடிதம் கொடுத்து ஒன்பது நாளாகிறது. குறிப்பு இன்னும் வராததால், சட்டகம் விறாந்தைச் சுவரில் சாத்தியபடியே நிற்கிறது.