கிராம சபையில் தண்ணீர்த் தீர்மானம்: மகளிர் குழுவாகப் போனபோது பட்டதும் கற்றதும்

ஜனவரி 26 கிராம சபையில் பெண்கள் அத்தனை பேர் எழுந்து பேசியும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியது ஒரே வரிதான்: ‘குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது.’

இது தீர்மானம் இல்லை. இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது. ‘தீர்மானிக்கப்படுகிறது’ என்று முடிய வேண்டும். எந்தத் தெரு, என்ன வேலை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். இது புரிந்து, மார்ச் 22 கூட்டத்தில் சரியாக எழுதி வாங்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கடலோர ஊர்களில் இருக்கும் மற்ற குழுக்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதல் தவறு எங்கள் பக்கம்தான். ‘தண்ணி உப்புக் கரிக்குது, புள்ளைங்களுக்கு வயித்தால போவுது’ என்று ஒரே மூச்சில் சொன்னோம். இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். உப்பு நிலத்தடியில் இருந்து வருவது; ஆழ்துளைக் கிணற்றையே மாற்ற வேண்டியிருக்கும். வயிற்றுப்போக்கு கிருமியால் வருவது. பெரும்பாலும் குழாய் உடைப்பைச் சரி செய்தால் தீரும். இரண்டுக்கும் சோதனை வேறு, செலவு வேறு, அதிகாரி வேறு. சேர்த்துச் சொன்னால், ‘உப்புக்கு நாங்கள் என்னம்மா செய்ய முடியும்’ என்ற பதிலிலேயே இரண்டும் முடிந்துவிடும். அப்படித்தான் முடிந்தது.

அதன் பிறகு வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் தண்ணீருக்கென்று ஒதுக்கினோம். இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-ஐயும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளையும் ஒரே சார்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாட்டினோம். நைட்ரேட் லிட்டருக்கு நமக்கு 45 மில்லிகிராம், அவர்களுக்கு 50. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டுக்கு இது முக்கியம். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உப்புச் சுவைக்குக் காரணமான குளோரைடு நம் அளவில் 250. உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியும் என்கிறது. ஆக, உப்புக் கரிக்கிறது என்று பெண்கள் சொன்னது வெறும் புலம்பல் இல்லை.

குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர் கேட்ட கேள்விதான் பிறகு பெரிதும் கைகொடுத்தது. “250-ன்னு ஒரு கோடு, 1,000-ன்னு இன்னொரு கோடு. ரெண்டு எதுக்கு?” முதலாவது ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது மட்டும்தான் இரண்டாவது. ‘ஆயிரத்துக்குள்ளதான இருக்கு’ என்று யாராவது சொன்னால், ‘வேறு வழி இல்லை என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கலாம்.

கூட்டத்துக்கு வரத் தயங்கியவர்களிடம் வேறு இரண்டு செய்திகளைப் பேசினோம். 2010 ஜூலை 28 அன்று ஐநா பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் பெண்களும் சிறுமிகளும்தான் தண்ணீர் எடுத்து வருகிறார்கள் என்கிறது 2023-இல் வந்த யுனிசெஃப் – உலக சுகாதார நிறுவன அறிக்கை. எங்கோ ஆப்பிரிக்காவில் குடம் சுமப்பவளுக்கும் தனக்கும் ஒரே வழக்கு என்று தெரிந்த பிறகு, வாசலிலேயே நின்றவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

இனி சாம்பிள். இதில்தான் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணாயின. கூல்டிரிங்ஸ் பாட்டிலில், விடிகாலை குழாயில் முதலில் வந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனோம், ஆய்வகத்தில் வாங்கவில்லை. அவர்கள் செய்தது சரிதான். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் வேண்டும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். அதை மட்டும் அலசவே கூடாது; குளோரினை முறிக்கும் மருந்து அதற்குள் இருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். போகும் முன் போன் செய்து, அன்று சாம்பிள் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும். சோதனைப் பெட்டியும் உண்டு. உங்கள் ஊர்ப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள். மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அதில் எச்2எஸ் குப்பி என்று ஒன்று வரும்; தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருந்தால் கறுத்துவிடும். குறி வரை தண்ணீர் ஊற்றி, மூடி, நிழலில் வைத்தால் போதும். நம்மூர் வெக்கையே அதற்குப் போதுமான சூடு. டேங்க் அடியில் பிடித்த குப்பி 48 மணி நேரம் ஆகியும் மாறவில்லை. தெருக்கோடிக் குழாயில் பிடித்தது மறுநாள் காலையிலேயே கறுத்துவிட்டது, தார் கரைத்து ஊற்றியதுபோல. அப்படியென்றால் டேங்க்கில் தவறில்லை. நடுவில் எங்கோ சாக்கடை கலக்கிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் போய், விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். வாய்க்காலைக் குழாய் கடக்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்க நாங்கள் சொன்னது இதை வைத்துத்தான். கறுத்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்திருந்து பிறகு கொட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

மார்ச் 22 உலக நீர் நாள். 2022-இல் வந்த அறிவிப்பின்படி அன்றும் கிராம சபை உண்டு என்பதால் தண்ணீருக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் அன்று காலையில் போய்ப் பேசினால் பழைய கதைதான். பத்து நாள் முன்பே பொருளை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். எங்கள் மனுவை வாங்கிய இடத்தில் ‘நகலெல்லாம் எதுக்கு, நான் பாத்துக்கறேன்’ என்றார்கள். அரை மணி நேரம் நின்றுதான் வாங்கினோம். கூட்டத்தன்று அந்த நகல் இல்லாவிட்டால், பொருள் பட்டியலிலேயே இல்லை என்று தள்ளியிருப்பார்கள்.

ஆள் கணக்கும் முக்கியம். ஊரின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வந்தாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தைத் தீர்மானத்துக்கான ஒப்புதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தீர்மானத்தை எழுதி முடித்து, உரக்கப் படித்த பிறகுதான் அதன் கீழே கையெழுத்து. நடுவே வெற்று வரி விட்டிருந்தால் கோடு கிழிக்கச் சொல்லுங்கள். எங்களில் பத்தாவது படித்த ஒரு பெண், எழுதுபவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதத் தொடங்கியதை அங்கேயே நிறுத்தி, ‘30 நாட்களுக்குள் குழாயை மாற்றித் தரத் தீர்மானிக்கப்படுகிறது’ என்று எழுத வைத்தாள். பக்கத்தை அப்போதே போனில் படம் எடுத்துக்கொண்டோம். படம் எடுக்க விடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு நகல் கேட்கலாம்.

குழாய் மாற்றியாகிவிட்டது. அதே தெருக்கோடிக் குழாயில் மறுபடி பிடித்த குப்பி இரண்டு நாள் கழித்தும் பழைய பழுப்பு நிறத்திலேயே இருந்தது. குளோரைடு இன்னும் 250-க்கு மேல்தான். அதற்கான மனுவைத் தனித்தாளில் எழுதி, ஆய்வக அறிக்கையை இணைத்து, மே 1 கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறோம். நகலில் முத்திரை விழுந்துவிட்டது.