ஃபீடைக் கூட்டிய பிறகே கட்டர் பிழைத்தது

கோயம்புத்தூரில் பெயர்ப்பலகைப் பட்டறை நடத்துகிறேன். எங்கள் சி.என்.சி. ரௌட்டர் (கணினி சொல்லும் பாதையில் கட்டரைச் சுழற்றி வெட்டும் இயந்திரம்) ஆறு ஆண்டுகளாக அக்ரிலிக்கையும் எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகையையும் மட்டுமே வெட்டி வந்தது. சென்ற ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர் 5 மி.மீ. கனமுள்ள 6061 என்னும் கலப்பு ரக அலுமினியத் தகட்டில் நாற்பது முகப்புத் தகடுகள் கேட்டார். ஒப்புக்கொண்டேன். முதல் நாளிலேயே மூன்று கட்டர்கள் போயின.

மூன்றும் ஒரே விதமாகத்தான் போயின. கட்டரைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில், அதன் முழு வேகமான நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடியது. உலோகமாயிற்றே என்ற அச்சத்தில் ஃபீடை, அதாவது கட்டர் தகட்டில் முன்னேறும் வேகத்தை, நிமிடத்துக்கு 400 மி.மீ. ஆகக் குறைத்திருந்தேன். கட்டர் 6 மி.மீ., இரண்டு பல். அரை நிமிடம் ஒழுங்காகப் போகும், பிறகு கீச்சொலி தடித்து உறுமலாகும், ‘டக்’கென்று முறியும். முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தால், சீவல் ஏறி வெளியேற வேண்டிய பள்ளம் முழுவதும் ஈயம் வார்த்ததுபோல் அலுமினியம் அடைத்திருந்தது. மேசையில் கிடந்ததும் சீவல் அல்ல, சாம்பல் நிறப் பொடி.

பக்கத்துச் சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் அந்தப் பொடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்தார். “தம்பி, உங்கள் கட்டர் வெட்டவே இல்லை, தேய்த்திருக்கிறது. ஒரு பல்லுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார்.

400ஐ 24,000ஆல் வகுத்து, மறுபடியும் 2ஆல் வகுத்தால், ஒரு சுழற்சியில் ஒரு பல்லுக்குக் கிடைக்கும் தீனி 0.008 மி.மீ. வருகிறது. எவ்வளவு கூரான கார்பைடு (கட்டர் செய்யும் மிகக் கடினமான பொருள்) முனைக்கும் நுணுகிய வளைவு ஒன்று உண்டு. சீவலின் கனம் அந்த வளைவின் அளவுக்கு மெலிந்துவிட்டால், முனை உலோகத்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கி உரசும். உரசினால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகிப் பல்லில் அப்பும், அப்பியதன்மேல் மேலும் அப்பும். வெட்டும்போது பிறக்கும் சூட்டின் பெரும்பங்கைச் சீவல்தான் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். நான் மெதுவாகப் போய்க் கட்டரைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன்; உண்மையில் அந்த மெதுவான ஃபீடே அதைக் கொன்றிருக்கிறது.

இரண்டு பல்லை விட்டு, அலுமினியத்துக்கென்றே வரும் ஒற்றைப் பல் கார்பைடு எண்ட்மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) வாங்கினேன். பளபளப்பான, பூச்சு இல்லாத வகை. எஃகுக்கான கரும்பூச்சுகள் பலவற்றில் அலுமினியமே கலந்திருப்பதால் அவை ஒட்டுதலைக் கூட்டும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார். சுற்று 18,000, பல்லுக்கு 0.05 மி.மீ. பெருக்கினால் ஃபீடு 900. பழையதைப்போல் இரு மடங்குக்கும் மேல்! பட்டனை அழுத்த விரல் தயங்கியது. ஆழத்தை மட்டும் பாதையில் ஒரு முறை ஓடுவதற்கு 0.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். எங்கள் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு இந்த வெட்டு ஒரு பொருட்டே அல்ல. குறை விறைப்பில்தான்: ஸ்பிண்டிலைத் தாங்கும் ரௌட்டரின் பாலம் மில்லிங் இயந்திரத்தைப்போல் வார்ப்பிரும்பு அல்லவே. அதனால் ஆழத்தில் கஞ்சத்தனம் காட்டலாம், பல்லுக்குத் தரும் தீனியில் கூடாது.

ஓடவிட்டதும் சரசரவென்று சீரான ஒலி. வெள்ளிச் செதில்கள் தெறித்தன. உள்ளங்கையில் அள்ளியபோது வெதுவெதுப்பாக இருந்தன. ஒரு பக்கம் கண்ணாடிபோல் மின்னியது, மறுபக்கம் சொரசொரப்பு. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சீவல் தகட்டில் வெட்டிய பள்ளத்திலேயே தங்கினால் கட்டர் அதையே திரும்பத் திரும்ப வெட்டும். ஆகவே கம்ப்ரசர் காற்றை விடாமல் அடிக்கக் குழாய் பொருத்தினேன். அடிப்பலகை எம்.டி.எஃப். என்பதால் தண்ணீர் கலந்த கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) தொடவில்லை. நனைந்தால் உப்பி, தகட்டின் மட்டமே போய்விடும்.

மூலைகளில்தான் நெடுநேரம் மல்லாடினேன். நேர்கோட்டில் அருமையாகப் போகும் கட்டர், சின்ன வளைவுகளில் மறுபடியும் கீச்சிட்டது. திரையில் 900 என்று இருந்தாலும், திரும்புமிடத்தில் இயந்திரம் வேகம் குறைகிறது, ஸ்பிண்டில் குறைவதில்லை. அங்கே பல்லுக்குக் கிடைக்கும் தீனி பாதியாகிறது, பழையபடி உரசல். வளைவு மிகுந்த பகுதிகளுக்குச் சுற்றை 12,000ஆகவும் ஃபீடை 600ஆகவும் இறக்கினேன். அதே 0.05தான், ஆனால் 600ஐ இயந்திரத்தால் வளைவிலும் பெரும்பாலும் எட்ட முடிகிறது. கீச்சொலி நின்றது.

ஓரத்தில் 0.2 மி.மீ. விட்டுவைத்துக் கடைசியாகச் சீவும்போது வேறொரு கணக்கு. கட்டரின் விட்டத்தில் சிறு பகுதியே உலோகத்தைத் தொடுவதால், 0.05 கொடுத்தாலும் சீவலின் கனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தக் கடைசி ஓட்டத்துக்கு ஃபீடை 1,800 ஆக்கினேன். பிசிறு குறைந்து ஓரம் மழமழவென்று வந்தது.

ஒத்திகைக்குக் கடையில் கிடக்கும் மெல்லிய அலுமினியத் தகட்டை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கலப்பு குறைந்த மென்மையான ரகம். எந்தக் கணக்கு வைத்தாலும் பசைபோல் இழுக்கும். நான் ஒரு பகலை அதில் இழந்தேன். வேலைக்கு வரும் அதே தகட்டின் ஓரத்துண்டில் வெட்டிப் பாருங்கள்.

திருகுத் துளைகளுக்கு 3 மி.மீ. ஒற்றைப் பல் கட்டர். அதற்கு 0.05 அதிகம், 0.02இல் தொடங்கி 0.03 வரை வந்தேன், 20,000 சுற்றுக்கு ஃபீடு 600. நேராகக் குத்தி இறக்காமல், திருகாணிபோல் சுற்றிச் சுற்றி இறங்கவிட்டேன். நாற்பது தகடுகளுக்கும் அந்த ஒரே கட்டர் போதுமானதாக இருந்தது.