அடுத்த ஐபோன் மடங்குமாம், நம்ம அடுப்படியில் டவர் எடுக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். பெரியப்பா மகன், என்னைவிட எட்டு வயது மூத்தவர். எப்போதும் ஊரில் மழை உண்டா, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்றுதான் ஆரம்பிப்பார். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, ஐபோன் மடக்குற மாதிரி வருதாம்ல, பாத்தியா? படைப்புக்கு வரும்போது உனக்கும் ஒன்னு வாங்கிட்டு வரவா?" என்றார். படைப்பு என்பது குடும்பத்து முன்னோரைக் கும்பிடும் விசேஷம். "இருங்கண்ணே, முதல்ல வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. புதுப் போன் பற்றி முன்கூட்டியே கசிகிற செய்தி, அதாவது லீக், ஒன்றையும் விடாமல் படிக்கிறவன் நான். அண்ணனிடம் போனில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆப்பிள் மேடை ஏறுகிற நாள் வரை வாயைத் திறக்காது. நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி மிங் சி குவோ என்ற ஆய்வாளர், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தில் எழுதும் மார்க் குர்மன் போன்ற சிலரிடமிருந்து வருவதுதான். குவோ 2025 மார்ச்சில் சொன்னது இது: புத்தகம் மாதிரித் திறக்கும், உள்ளே 7.8 அங்குலத் திரை, வெளியே 5.5 அங்குலம், விரித்தால் 4.5 முதல் 4.8 மில்லிமீட்டர் கனம், மடக்கினால் 9 முதல் 9.5, முகத்தைப் பார்த்துத் திறப்பதற்குப் பதில் பக்கவாட்டு பட்டனில் விரல்ரேகை, நடுவில் மடிப்புத் தழும்பு தெரியாது, விலை 2,000 முதல் 2,500 டாலர். 2026 செப்டம்பரில் மேடைக்கு வரும் என்று பேச்சு.

இதில் எதை நம்புவது? என் கணக்கு ரொம்ப எளிது. உருவம், அளவு, கேமராவுக்கான ஓட்டை எங்கே இருக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் கவர் செய்கிறவர்களும் உதிரிப்பாகம் செய்கிறவர்களும் மாதக்கணக்கில் முன்னாடியே அச்சு வெட்டியாக வேண்டும், அங்கிருந்து கசிந்துவிடும். தேதியும் விலையும் அப்படியல்ல. 2011-ல் ஐபோன் 5 வருகிறது, உடம்பே புதுசு என்று ஊரெல்லாம் பேச்சு. அக்டோபர் 4-ம் தேதி வந்தது பழைய உடம்போடு 4எஸ். ஐபோன் 5 அடுத்த வருடம்தான் வந்தது. 2021-ல் ஐபோன் 13 செயற்கைக்கோளோடு பேசும் என்று இதே குவோ சொன்னார், அது 2022-ல் ஐபோன் 14-ல் வந்தது. விஷயம் சரி, வருடம் தப்பு. அதனால்தான் அண்ணனிடம் "வரட்டும்" என்றேன்.

விலைக்கு வருவோம். ஐபோன் 17 ப்ரோ 2025-ல் வந்தபோது அமெரிக்காவில் 1,099 டாலர், இங்கே 1,34,900 ரூபாய். அதாவது ஒரு டாலருக்கு நாம் கிட்டத்தட்ட 123 ரூபாய் கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் 2,000 டாலர் போன் இங்கே இரண்டரை லட்சத்தைத் தொட்டுவிடும். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டுகிறார்கள், அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் நம்ம பக்கத்திலும் உண்டு, ஆனாலும் கடையில் நாம் கொடுக்கிற விலை இதுதான். இரண்டரை லட்சத்துக்கு எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், பேர்ந்து கிடக்கிற தளம் முழுவதற்கும் ஆத்தங்குடிக் கல் புதுசாகப் பதித்துவிடலாம்.

மடக்குப் போனுக்கு நான் விரோதி இல்லை. ஆத்தாவுக்குக் கண் சரியில்லை, எழுத்தைப் பெரிசாக்கினால் வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தைக்குமேல் திரையில் நிற்பதில்லை. விரிகிற திரை அவருக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும். பயம் முதல் வருடத்து மாடலைப் பற்றித்தான். சாம்சங் தன் முதல் மடக்குப் போனான ஃபோல்டை 2019 பிப்ரவரியில் காட்டினார்கள், ஏப்ரலில் விமர்சகர்கள் கைக்குப் போன போன்களில் சில ஓரிரு நாளிலேயே திரை போய்விட்டது, மேலே இருந்த பாதுகாப்புப் படலத்தை ஸ்டிக்கர் என்று நினைத்துச் சிலர் உரித்தும்விட்டார்கள், வெளியீட்டையே செப்டம்பருக்குத் தள்ளினார்கள். அப்புறம் தூசி. சாம்சங்கின் கேலக்ஸி இசட் ஃபோல்ட் 7-க்குக் கொடுத்திருக்கும் தூசி, தண்ணீர் தாங்கும் தரம் ஐபி48. அதில் 4 என்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளை மட்டும் தடுக்கும் என்று பொருள். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி மாவு மாதிரி இருக்கும், சித்திரை வைகாசியில் காற்றடித்தால் பூட்டிய பெட்டகத்துக்குள்ளேயே போய் உட்காரும். கூகுள் 2025-ல் மடக்குப் போனுக்கே தூசி புகாத தரமான ஐபி68-ஐக் கொண்டுவந்துவிட்டது, ஆகவே முடியாத காரியமில்லை. ஆப்பிளிடம் அதையே எதிர்பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். எனக்கு உண்மையில் வேண்டியது வேறு.

எங்கள் வீடு பள்ளத்தூரில். ஐயாவின் அப்பா பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஜன்னல் எல்லாம் இரும்புக் கம்பி, வளவுக்கு மேலே குரங்கு இறங்காமல் இருக்கக் கம்பி வலை. வெயிலுக்கு இதைப்போல வீடு கிடையாது. ஆனால் செல்போன் அலை முகப்போடு நின்றுவிடும். நான் காரைக்குடியில் வேலை பார்க்கிறேன், ஆத்தா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். போன பங்குனியில் ஒரு நாள் காலை, அடுப்படிக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். போன் இடுப்பில்தான் இருந்தது. மூன்று தடவை என் நம்பரைப் போட்டிருக்கிறார், போகவே இல்லை. வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, சுவரோடு சுவராக இரண்டாங்கட்டைத் தாண்டி வளவுக்கு வந்து, அங்கே தூணில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மணி அடித்தது. "தம்பி, இங்கன பேசுனா கேக்குதா?" இதுதான் முதல் வார்த்தை. விழுந்ததை அதற்கப்புறம்தான் சொன்னார். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் கட்டு. சிம் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன், "வீட்டுக்கு வெளிய வந்து பேசச் சொல்லுங்க சார்" என்று முடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வீடு முழுக்க அளந்து பார்த்தேன். ஐபோனில் *3001#12345#* என்று போட்டுக் கூப்பிட்டால் ஒரு பக்கம் திறக்கும், அதில் ஆர்எஸ்ஆர்பி என்று அலையின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 80 என்றால் நல்ல டவர், மைனஸ் 120 என்றால் கிட்டத்தட்ட உயிர் போன மாதிரி. பத்து குறைந்தால் அலையின் பலம் பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். திண்ணையில் மைனஸ் 88. வளவில் 99. இரண்டாங்கட்டில் 114. அடுப்படியில் 123. திண்ணைக்கும் அடுப்படிக்கும் 35 வித்தியாசம், அதாவது வாசலில் இருக்கிற பலத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் ஆத்தா சமைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்கிறது! ஆத்தாவின் பழைய போன் அந்த இடத்தில் எண்ணே காட்டவில்லை, என்னுடையது திக்கித் திக்கியாவது பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் குற்றம் முழுக்கச் சுவருடையது இல்லை, போனுக்கும் பங்கு உண்டு.

அதனால்தான் மோடம் பற்றிய ஒரு வரிச் செய்தி வந்தாலும் நான் நின்று படிக்கிறேன். டவரோடு பேசுவது அந்தச் சில்லுதான். இன்டெல்லின் மோடம் பிரிவை ஆப்பிள் 2019-ல் 100 கோடி டாலருக்கு வாங்கியது. சொந்தச் சரக்காக சி1 என்ற மோடம் வெளியே வந்தது 2025 பிப்ரவரியில், ஐபோன் 16இ-யில். செப்டம்பரில் ஐபோன் ஏரில் சி1எக்ஸ். 17 ப்ரோவுக்கு இன்னும் குவால்காம் கம்பெனியின் மோடம்தான். அடுத்த வரிசையில் சி2 வரும் என்பதும் பேச்சில் இருக்கிறது, ஆனால் அந்தப் பேச்செல்லாம் வேகத்தைப் பற்றித்தான், ஒரு நொடிக்கு எத்தனை ஜிகாபிட் என்று. மைனஸ் 120-ல் ஒரு அழைப்பு அறுந்துபோகாமல் நிற்குமா என்று ஒருவரும் எழுதுவதில்லை.

எழுதவும் முடியாது போலிருக்கிறது. 2010 மார்ச்சில் இன்னும் வெளிவராத ஐபோன் 4 ஒன்று மதுக்கடையில் தவறவிடப்பட்டு, ஏப்ரலில் கிஸ்மோடோ தளம் அதைப் பிரித்தே போட்டுவிட்டது. அதைவிடப் பெரிய லீக் உண்டா? சுற்றிலும் ஓடும் எஃகுப் பட்டையை, அதுதான் ஆன்டெனா, உலகமே பார்த்தது. ஆனால் ஜூனில் விற்பனைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பட்டையின் இடது கீழ் மூலையைக் கையால் மூடிப் பிடித்தால் டவர் இறங்குகிறது என்று. தொலைந்த போன் பழைய 3ஜிஎஸ் மாதிரித் தெரிய ஒரு கவருக்குள் இருந்தது, கவர் போட்டால் அந்தக் குறை மறைந்துவிடும். கடைசியில் ஆப்பிளே எல்லோருக்கும் இலவசமாகக் கவர் கொடுத்தது. 4.5 மில்லிமீட்டர் கனத்தில், மடங்குகிற உடம்பில், ஆன்டெனாவை எங்கே வைப்பார்கள் என்ற கவலை எனக்கு இதனால்தான்.

இப்போதைக்கு முகப்பில் இருந்த ஃபைபர் இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து, இரண்டாங்கட்டில் இன்னொரு ரவுட்டர் வைத்து, ஆத்தாவுக்கு வைஃபை காலிங், அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் வசதி, இருக்கிற போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 2019 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் இருக்கிற வசதி, செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தள்ளினால் போதும், பழைய வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிற யாரும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், எந்த லீக்குக்கும் காத்திருக்க வேண்டாம். கரண்ட் போனால் இன்வர்ட்டர் தாங்குகிற வரைதான் இது ஓடும், ஆடி மாதக் காற்றுக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. அந்த நேரத்துக்குத்தான் போனே டவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்கு நேற்று ராத்திரி மெசேஜ் போட்டேன். எனக்கு வேண்டாம், உங்களுக்கு மட்டும் வாங்குங்கள், ஆனால் படைப்பன்றைக்கு வந்து இறங்கியதும் ஒரு பத்து நிமிடம் என்னிடம் கொடுங்கள் என்று. என்னுடைய சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றி, விரித்தும் மடக்கியும் அடுப்படியில் அந்த அங்கணத்துப் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்க்கப்போகிறேன். மைனஸ் 123 என்பது குறைந்தது நாலு எண் ஏறியிருந்தால், அடுத்த வருடம் ஆத்தா பேரில் சீட்டுப் போட ஆரம்பித்துவிடுவேன்.