முதலில் தீனி, பிறகு மீன்: வீட்டில் கோமாளி மீன் லார்வா வளர்த்த அனுபவம்

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் கோமாளி மீன் இணை முதன்முறையாக முட்டையிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த சிறு மண்சட்டியின் உட்புறத்தை இரண்டும் காலையிலிருந்தே வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அதே இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பரப்பில், ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணியதில் ஏறத்தாழ முந்நூறு. அந்த முந்நூறில் ஒன்றுகூட மீனாகவில்லை. அடுத்து வந்த மூன்று தொகுதிகளும் அப்படியே போயின. ஐந்தாவது தொகுதியில்தான் நாற்பத்தொரு குஞ்சுகள் வெள்ளைப் பட்டையோடு நீந்தின. முதல் தொகுதிக்கும் ஐந்தாவதற்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி மீனைப் பற்றியதே அன்று, மீன் தின்னும் தீனியைப் பற்றியது.

கொளத்தூரில் சிமென்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்து விற்கும் என் மாமா, நான் உப்புநீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலேயே, "குஞ்சு வர்றதுக்கு முன்னாடி தீனி வந்து நிக்கணும், மாப்ளே" என்றார். அதை நன்னீர் மீனுக்கான யோசனை என்று நினைத்து நான் கடந்துவிட்டேன். கப்பி குட்டி போடும். பிறந்த குட்டி அன்றைக்கே பொடித்த தீவனத்தைத் தின்னும். கோல்டு ஃபிஷ் குஞ்சுக்குப் பச்சைத் தண்ணீரும் மொய்னா என்னும் சிறு நீர்ப்பூச்சியும் போதும். முட்டையிலிருந்து வந்தவுடன் இன்னும் மீன் வடிவம் பெறாத கடல்மீன் இளம் குஞ்சுக்கு, அதாவது லார்வாவுக்கு, அந்தச் சலுகை எதுவும் கிடையாது. நான்கு தொகுதிகளைப் பறிகொடுத்த பிறகுதான், மாமா சொன்னது கடல்மீனுக்குப் பல மடங்கு பொருந்தும் என்பது எனக்கு உறைத்தது.

கோமாளி மீன் லார்வா முட்டையிலிருந்து வெளிவரும்போது மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். இரண்டு வெள்ளிக் கண்களும் வயிற்றில் மிகச் சிறிதளவு மஞ்சள் கருவும்தான் பார்வைக்குத் தட்டுப்படும். அந்தக் கருவை நம்பி அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. முதல் நாளிலேயே அது வேட்டையாடியாக வேண்டும். பொடித்த தீவனம் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், அசையாத பொருளை அது இரையாகவே கருதுவதில்லை. உயிரோடு நீந்துவதாகவும், அதன் வாய்க்குள் அடங்குவதாகவும், ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் கண்ணெதிரே ஒன்று தென்படும் அளவுக்கு அடர்த்தியாகவும் இரை இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நிறைவு செய்வது ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, பச்சைநிற நுண்பாசியைத் தின்று வாழ்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேலையின் அளவு புரியும். லார்வா தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர்களாவது எப்போதும் இருக்க வேண்டும். என்னுடையது நாற்பது லிட்டர் தொட்டி. ஆகவே எந்த நேரத்திலும் நான்கு லட்சம் ரோட்டிஃபர்கள் அதில் நீந்திக்கொண்டிருக்க வேண்டும், தின்று தீர்ந்ததைக் காலையிலும் மாலையிலும் ஈடுசெய்யவும் வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் வரும் இருபது லிட்டர் கேன்கள் இரண்டை இதற்கென்று ஒதுக்கினேன். உப்பைச் சற்றுக் குறைத்துக் கலந்த கடல்நீர், அடிவரை நீளும் ஒரு காற்றுக் குழாய், பெரிய குமிழிகளாக மெதுவாக வரும் காற்று, நாளைக்கு இரண்டு வேளை நானோகுளோராப்சிஸ் பாசி, அவ்வளவுதான் ஏற்பாடு. தண்ணீர் வெளிர்பச்சையாகத் தெளிந்தால் பசி என்று பொருள். ஒரு மில்லி நீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு, விளக்குக்கு எதிரே லென்ஸ் வைத்துப் பார்த்தால், வாலருகே முட்டையைச் சுமந்துகொண்டு சுழலும் ரோட்டிஃபர்களை எண்ணலாம். முட்டை சுமப்பவை கூடுதலாக இருந்தால் கேன் நலமாக இருக்கிறது. அவை குறையத் தொடங்கினால், மொத்த எண்ணிக்கை இன்னும் நன்றாகத் தெரிந்தாலும், இரண்டொரு நாளில் உள்ளே இருப்பவை மொத்தமாகச் செத்து, கேன் சரிந்துவிடும். இந்த ஓர் அறிகுறியை முன்பே அறிந்திருந்தால் என் இரண்டாவது தொகுதி பிழைத்திருக்கும்.

முதல் தொகுதி இறந்தது என் அறியாமையால். லார்வாக்களைச் சிறு வலையால் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றினேன். காற்றுப் பட்டதும் வலை உரசியதும் அவற்றின் மென்மையான உடலுக்குத் தாங்கவில்லை, விடிவதற்குள் எல்லாம் வெளுத்து அடியில் கிடந்தன. இரண்டாவது தொகுதியின் மூன்றாம் நாளில் ரோட்டிஃபர் கேன் சரிந்தது. மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை அடித்தது, லென்ஸில் பார்த்தால் ரோட்டிஃபருக்குப் பதிலாக அதைவிடச் சிறிய, வேகமாக ஓடும் குறுயிழை உயிரிகள் நிறைந்திருந்தன. பாசியை அளவுக்கு மீறிக் கொட்டியதால் தண்ணீர் கெட்டு, அவை பெருக இடம் கிடைத்துவிட்டது. அன்று முதல் ஒரு கேனைத் தொட்ட குழாயையும் குவளையையும் மற்றொரு கேனில் நான் விடுவதில்லை.

மூன்றாவது தொகுதி பொரித்த இரண்டாம் நாளில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. இன்வெர்ட்டர் முதல் நாள் இரவோடு ஓய்ந்தது. பெரிய தொட்டியைப் பேட்டரி ஏர் பம்ப் காப்பாற்றியது. லார்வாக்களைக் காப்பாற்ற முடியவில்லை. ரோட்டிஃபரை மட்டும், கேனிலிருந்து கொஞ்சம் எடுத்து, பத்து மடங்கு நீரில் கலந்து, அகலமான பாத்திரங்களில் ஊற்றி வைத்தேன். நெரிசல் குறைந்தால் காற்றின் தேவையும் குறையும். அப்படிப் பிழைத்த ஒரு பாத்திரத்திலிருந்துதான் இன்றைய கேன்கள் இரண்டும் வந்தன. இப்போது ஒரு பாட்டில் ரோட்டிஃபர் வேளச்சேரியில் நண்பர் வீட்டிலும் எப்போதும் இருக்கிறது, அவருடைய பாட்டில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

பெற்றோரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்ச்சியைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் செலுத்துவதுமான மீன் பெண்ணாக மாறுகிறது. ஆகவே சிறியவையாக இரண்டை வாங்கிச் சேர்த்து விட்டாலே இணை அமைந்துவிடும்; பொறுமை மட்டுமே தேவை. என் இணை முட்டையிட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, அதன் பின் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுகிறது. முட்டையைக் காப்பது பெரும்பாலும் தந்தை. மார்புத் துடுப்புகளால் இடைவிடாமல் விசிறி நீரோட்டம் உண்டாக்குவதும், வெளுத்துக் கெட்ட முட்டையை வாயால் கவ்வி அகற்றுவதும், என் கை உள்ளே வந்தால் கையைவிட எத்தனையோ மடங்கு சிறிய அந்த உடலால் முட்டி விரட்டுவதும் அதன் வேலை. ஒரு வாரம் அது ஓய்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

இருபத்தெட்டு டிகிரி வெப்பத்தில் ஏழு அல்லது எட்டாம் நாள் முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மினுங்கும். அன்று மாலையே சட்டியை நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏந்தி, அதே தொட்டி நீர் நிரப்பிய லார்வா தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். தந்தையின் துடுப்பு செய்த வேலையைச் சட்டியின் அருகே வைத்த காற்றுக்கல் செய்கிறது. விளக்கை அணைத்துக் கறுப்புத் துணியால் மூடினால், இருள் சூழ்ந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பொரிக்கின்றன. ஐந்தாவது தொகுதியின்போது துணியின் ஓரத்தை விலக்கி மங்கலான டார்ச் வெளிச்சத்தை ஒரு கணம் காட்டினேன். உடைந்த ஊசிமுனைகள்போல நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள் அந்த வெளிச்சத்தை நோக்கி மேலேறி வந்தன. உடனே அணைத்துவிட்டேன்.

வெளிச்சத்தை நோக்கி வரும் அந்தக் குணம்தான் அவற்றுக்கு ஆபத்தும்கூட. கண்ணாடிச் சுவரில் விளக்கொளி பட்டுத் தெறித்தால், லார்வாக்கள் சுவரையே முட்டிக்கொண்டு, இரையைத் தேடாமல் சோர்ந்து சாகின்றன. அதனால் தொட்டியின் நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை மங்கலாக மேலிருந்து மட்டும் விழச் செய்து, நீரில் பாசியைக் கலந்து இளம்பச்சையாக்கி வைக்கிறேன். பச்சை நீர் ஒளியைப் பரப்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் ரோட்டிஃபர் பட்டினி கிடந்து சத்திழக்காமல் பார்த்துக்கொள்கிறது. அம்மோனியாவிலும் ஓரளவை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் விளக்குப் போட்ட பத்து நிமிடத்தில் உள்ளே பார்த்தால், லார்வா ஒன்று ஓரிடத்தில் நின்று, உடலை வில்லாக வளைத்து, ஒரு நொடி தாமதித்து, அம்புபோல முன்னே பாய்வது தெரியும். அந்த வளைவைப் பார்த்துவிட்டால் அன்றைய தீனி சரியாக இருக்கிறது என்று நான் வேறு எதையும் சோதிப்பதில்லை.

அம்மோனியாவை மட்டும் தினமும் சோதிக்க வேண்டும். கடல்நீரின் காரத்தன்மையிலும் நம் ஊர் வெப்பத்திலும் சிறிதளவு அம்மோனியாகூடக் கடும் நஞ்சாகிவிடும். வடிகட்டி வைத்தால் லார்வாவையும் ரோட்டிஃபரையும் இழுத்துவிடும் என்பதால், மெல்லிய காற்றுக்குழாயின் நுனியில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, அடியில் படிந்த கழிவை வெள்ளைத் தாம்பாளத்தில் இறக்கிக்கொள்கிறேன். தாம்பாளம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கழிவோடு தவறி வந்த லார்வாவின் கண்கள் அதில் தெரியும், குவளையால் நீரோடு அள்ளித் திரும்ப விட்டுவிடலாம். எடுத்த அளவு புதுநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

என்னை மிகவும் வருத்தியது நான்காவது தொகுதி. ஏழாம் நாள்வரை நூற்றுக்கு மேல் உயிரோடிருந்தன. ரோட்டிஃபரைவிடப் பெரிய, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளையும் தின்னத் தொடங்கி, ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து, தொட்டி அருகே கதவு சாத்தும் சத்தத்துக்கே சில துடித்து மல்லாந்தன, நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. வயிறு நிறைந்திருந்தும் அவை செத்ததற்குக் காரணம் தீனியின் தரம். கடல்மீன் லார்வாவின் மூளையும் கண்ணும் நரம்பும் வளர டிஎச்ஏ என்னும் கொழுப்பு அமிலம் வேண்டும். நானோகுளோராப்சிஸ் பாசியில் இபிஏ என்னும் வேறொரு கொழுப்பு அமிலம் நிறைய உண்டு, டிஎச்ஏ ஏறக்குறைய கிடையாது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியாவிலும் டிஎச்ஏ இருப்பதில்லை. ஐந்தாவது தொகுதிக்கு டிஎச்ஏ நிறைந்த ஐசோகிரைசிஸ் பாசியையும் ரோட்டிஃபருக்கு ஊட்டினேன்; ஆர்ட்டீமியாவைப் பொரித்தவுடன் கொடுக்காமல், அது வாய் திறந்து தின்னத் தொடங்கும்வரை காத்திருந்து, சத்தெண்ணெய்க் கலவையில் ஊறவிட்டுக் கழுவிக் கொடுத்தேன். பத்தாம் நாள் ஒரு லார்வா நிறம் அடர்ந்து, தலைக்குப் பின்னால் புகைபோல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுத்த நாள் அது நடுநீரை விட்டு இறங்கி, தொட்டியின் மூலையில் உடலை ஆட்டிக்கொண்டே நின்றது, பெரிய கோமாளி மீன் ஆட்டுவதைப் போலவே. என் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

கடல்மீன்களில் கோமாளி மீன் வளர்க்க எளியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970களின் தொடக்கத்திலேயே ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ இதை வளர்த்துக் காட்டிவிட்டார். நம் பக்கத்தில், ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் இனங்களைப் பொரித்து வளர்த்திருக்கின்றன. இது முட்டையை ஒட்டி வைத்துக் காப்பதால் லார்வா ஓரளவு முதிர்ந்து வெளிவருகிறது. முட்டையை நீரில் மிதக்கவிடும் டாங் போன்ற மீன்களின் லார்வா, வாயும் கண்ணும் உருவாகாமலே பொரிக்கிறது. அதன் வாய்க்கு ரோட்டிஃபர்கூட மிகப் பெரிய இரை. மஞ்சள் டாங்கை ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் வளர்த்தது 2015ல்தான், நீல டாங்கை ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வளர்த்தது 2016ல்தான். வீட்டில் தொடங்குபவர் அவற்றை நினைத்து ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

கடைகளில் வரும் கடல்மீன்களில் பெரும்பாலான இனங்கள் இன்னும் பவளப்பாறைகளிலிருந்தே பிடித்து வரப்படுகின்றன. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. அதில் பல மீன்களோடு பவளமும் சாகிறது. வீட்டில் பொரித்த மீன் தொட்டியிலேயே பிறந்து, பொடித்தீவனத்துக்குப் பழகி வளர்வதால், வாங்குபவர் வீட்டில் பட்டினி கிடந்து சாவதும் அரிது. நாற்பத்தொன்றில் முப்பத்தாறு, நான்கு மாதத்தில் ஓரங்குல அளவுக்கு வளர்ந்தன. பத்தை மாமா கொளத்தூரில் தனக்கென்று ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து வாங்கிக்கொண்டார். தொட்டியை நிறுவும் முன்பே ரோட்டிஃபர் பாட்டில் ஒன்றையும் கேட்டு எடுத்துச் சென்றார்.

நேற்று இரவு இணை மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. பொரிக்க இன்னும் ஏழு நாள் இருக்கிறது. இன்று காலை எண்ணியதில் முதல் கேனில் மில்லிக்கு நூற்றிருபது, இரண்டாவதில் தொண்ணூறு, இரண்டிலும் முட்டை சுமப்பவை மூன்றில் ஒரு பங்கு.