ஆச்சியின் பெயர்

கிளாஸ்கோவுக்கு வந்த முதல் வருடம் முழுக்க நான் சவக்காலைப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. எங்கள் வீடு கோர்பல்ஸில். கலிடோனியா வீதியில் சதர்ன் நெக்ரோபொலிஸ் என்ற பழைய சவக்காலையின் பெரிய கல் வாசல் நிற்கும். நான் எதிர்ப்பக்கத்தால் நடந்து போவேன். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் நான். அப்பாவின் செத்தவீட்டிலும் படலையோடு நின்றுவிட்டோம்.

என்னை உள்ளே கூட்டிப்போனவர் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த ஒரு அம்மா. எழுபதைத் தாண்டியவர், தனிய இருந்தவர். கிளாஸ்கோவில் பெண்பிள்ளைகளை வாஞ்சையாக “ஹென்” என்பார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தன் பாட்டியின் தாயைத் தேடிக்கொண்டிருந்தார். “எனக்குக் கண் மங்கிப்போச்சு, ஹென். கல்லில் இருக்கிறதை வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்” என்றார். மறுக்க மனம் வரவில்லை.

1840இல் திறந்த இடம் அது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள். கோர்பல்ஸில் ஒண்டுக்குடித்தனம் இருந்த ஏழைகளும் கௌரவமாக அடங்கவேண்டும் என்று தொடங்கியதாம். பல கற்கள் மணற்கல். ஆலைப் புகையில் கறுத்து, மழையில் பொருக்குப் பொருக்காகக் கழன்றிருக்கும். முதல் நாள் நான் கையால் தேய்க்கப் போனேன். அவர் சட்டென்று தடுத்தார். தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து உதிர்ந்துவிடும். கம்பித் தூரிகையோ சோக்குக்கட்டியோ கல்லில் படவே கூடாது. தன் கைப்பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தந்தார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று, வெளிச்சம் சரிவாக விழுகிற மாதிரிப் பிடிக்கச் சொன்னார். அதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழும்பி வந்தது. ஓர் ஆணின் பெயர், தொழில், அப்புறம் குழந்தையிலேயே போன மூன்று பிள்ளைகள், கடைசி வரியில் மனைவி.

அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. மனைவிக்கு வேறொரு குடும்பப் பெயர் இருந்தது. “இவர்கள் கல்யாணம் கட்டவில்லையா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: ஸ்கொட்லாந்தில் அதுதான் வழக்கம். பெண் யார் வீட்டுக்கு வாழப்போனாலும், பிறந்த வீட்டுப் பெயரோடுதான் அவளைக் கல்லில் வெட்டுவார்கள். 1855இல் அரசாங்கப் பதிவு தொடங்கியதிலிருந்து இறப்புப் பத்திரத்திலும் தாய், தகப்பன் இருவர் பெயரும் உண்டு, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. ஆகவே ஒரு கல்லோ ஒரு பத்திரமோ கிடைத்தால் அடுத்த தலைமுறைக்குக் கதவு திறந்துவிடும்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அம்மம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயர்? எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் அவர் “ஆச்சி”. அவ்வளவுதான்.

மேல்மாடி அம்மாவின் தேடல் அந்த வருடக் கடைசியில் முடிந்தது. மிச்சல் நூலகத்துக்குப் போய்ப் புதைத்த பதிவேடுகளைப் பார்த்தோம். இங்கே ஒரு புதைகுழி நிலத்தை ‘லேர்’ என்பார்கள். பதிவேட்டில் அதன் இலக்கம் இருக்கும். இலக்கத்தை வைத்து வரைபடத்தில் எண்ணி எண்ணிப் போய் நின்றால், அங்கே வெறும் புல். பொதுக்குழி. கல் வைக்கக் காசில்லாத சனம். அவர் புல்லில் கையை வைத்தபடி கனநேரம் இருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அதே சவக்காலையில்தான் தோமஸ் லிப்டனும் இருக்கிறார். எங்கள் மஞ்சள் தேயிலைப் பெட்டிக்காரர். கோர்பல்ஸில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்த அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. 1890இல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்களை வாங்கினார். 1931இல் இறந்து பெற்றோரோடு இங்கே அடங்கினார். அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். அந்தத் தேயிலையைக் கிள்ளிய மலையகத்துப் பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது? லிப்டனின் கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அவர்களின் ஞாபகம்தான் வந்தது, தொண்டை அடைத்தது.

எங்களிடம் கல் இல்லை. எரித்து, சாம்பலைக் கீரிமலையில் கரைத்துவிடுகிறோம். ஆனால் எங்களிடம் ‘கல்வெட்டு’ இருக்கிறதே! ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய, வந்தவர்கள் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. சின்ன வயதில் அது எனக்கு வடையோடு கிடைக்கிற ஒரு தாள்கட்டு. அதைக் கல்வெட்டு என்று ஏன் சொன்னார்கள் என்று கோர்பல்ஸில் வைத்துத்தான் விளங்கியது.

என் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “எல்லாம் றங்குப்பெட்டிக்குள்ளதான் கிடந்தது, பிள்ளை. விட்டுட்டுத்தானே வந்தனாங்கள்” என்றா. 1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்த இரவு. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஆனால் கல்வெட்டு ஒரு வீட்டில் மட்டும் இருப்பதில்லை. செத்தவீட்டுக்கு வந்த அத்தனை வீட்டுக்கும் ஒரு பிரதி போயிருக்கும். இதை நினைத்ததும் எனக்குப் புது உசார் வந்தது. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு நாள்கணக்கில் பார்த்தேன். எங்கள் ஆட்கள் இல்லை. பிறகு சொந்தக்காரர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் எழுதினேன். சிலர் பதிலே போடவில்லை. ஒரு மாதம் கழித்து ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் மூன்று படங்கள் அனுப்பினாள். அம்மம்மாவின் மூத்த தமையன் 1978இல் இறந்தபோது அடித்த கல்வெட்டு, ஓரம் கறையான் அரித்தது. மூன்றாவது பக்கத்தில் வம்சாவளி. கறையான் விட்டுவைத்த பக்கத்தில், தாய்வழி மேற்கிளையில், ஆச்சியின் பெயர். நான்கே எழுத்து. பக்கத்தில் அவர் பிறந்த ஊரும் இருந்தது; நாங்கள் நினைத்திருந்த ஊர் அல்ல, கடல் தாண்டி நெடுந்தீவு.

அம்மாவுக்கு உடனே எடுத்தேன். அங்கே விடிய நாலு மணி. பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாக, “திருப்பிச் சொல்லு” என்றா.