கான்ட்ரா ஆடிய கைக்கு எமுலேட்டர் விசைகள்

டிவியில் கேசட் செருகிக் கான்ட்ரா ஆடி வளர்ந்த ஒருவர், இன்று கணினியில் எமுலேட்டரை (பழைய கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை) நிறுவி அதே ஆட்டத்தைத் திறந்தால், முதலில் தடுமாறுவது அவருடைய கைகள்தான். டிவி கேமோடு வந்த பேடில், அதாவது கையில் பிடித்து ஆடும் கருவியில், இடக் கட்டைவிரல் திசையையும் வலக் கட்டைவிரல் பொத்தான்களையும் கவனித்துக்கொண்டன. ரெட்ரோஆர்க் எமுலேட்டர் இயல்பாகத் தரும் அமைப்பில், திசைக்கு அம்பு விசைகள் என்பதால் அந்த வேலை வலக்கைக்கும், பி பொத்தானுக்கு இசட் விசை, ஏ பொத்தானுக்கு எக்ஸ் விசை என்பதால் சுடுவதும் தாவுவதும் இடக்கைக்கும் போய்விடுகின்றன. பேடையே தொட்டிராத பிள்ளைகள் இதை இரண்டொரு நாளில் பழகிக்கொள்வார்கள். நமக்கு அப்படி வராது. ஆகவே விசைகளை மாற்றிக்கொள்வதே நல்லது.

கோவையிலும் ஈரோட்டிலும் ‘டிவி கேம்’ என்று கடைகளில் கிடைத்த பெட்டிகள் பெரும்பாலும், 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்களே. அசல் பேடில் நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என மொத்தம் எட்டுப் பொத்தான்கள்தான். நகல்களில் பலவற்றுக்கு, பிடித்திருந்தால் தானே தொடர்ந்து தட்டும் டர்போ பொத்தான்கள் இரண்டு கூடுதலாக இருந்தன. எட்டே பொத்தான்களுக்கு விசை ஒதுக்குவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். எத்தனை பொத்தான்கள் என்பதைவிட, எவற்றை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். மாரியோவில் ஓடுவதற்குப் பி பொத்தானை விடாமல் பிடித்தபடியே, தாவ ஏ பொத்தானை அழுத்த வேண்டும். பேடில் ஒரே கட்டைவிரல் இரண்டின் மீதும் சாய்ந்து படுத்துக்கொள்ளும். விசைப்பலகையில் அந்த வேலைக்கு இரண்டு விரல்கள் வேண்டும், இரண்டு விசைகளும் ஒட்டியே இருக்கவும் வேண்டும்.

எனவே நான் திசைக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளையும், பி பொத்தானுக்கு ஜே விசையையும், ஏ பொத்தானுக்கு கே விசையையும் வைத்திருக்கிறேன். பேடில் பி இடப்புறமும் ஏ வலப்புறமும் இருந்த ஒழுங்கு இதில் மாறுவதில்லை. இவற்றை செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ் என்ற வழியில் சென்று ஒவ்வொன்றாக மாற்றலாம். அங்கே ஏ, எஸ், டபிள்யூ ஆகிய விசைகள் ஏற்கெனவே வேறு பொத்தான்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால், அவற்றை முதலில் விடுவித்துவிட வேண்டும். இல்லையெனில், பேடில் கூடுதல் பொத்தான்கள் கொண்ட சூப்பர் நின்டெண்டோவின் ஆட்டங்களில் இடப்பக்கம் நடக்கும்போதெல்லாம் ஒய் பொத்தானும் சேர்ந்து அழுந்தும்.

இதோடு முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ரெட்ரோஆர்க்கில் ஹாட்கீ என்று, எமுலேட்டருக்கே கட்டளையிடும் குறுக்குவிசைகளின் பட்டியல் தனியாக உண்டு. அதில் கே விசை ஆட்டத்தை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக (ஒவ்வொரு படமாக) நகர்த்தும், எல் விசை அழுத்தியிருக்கும்வரை ஆட்டத்தை வேகமாக ஓட்டும், ஹெச் விசை ஆட்டத்தையே மறுதொடக்கம் செய்யும். ஜே விசைக்குப் பக்கத்திலேயே ஹெச் இருப்பதை எண்ணிப் பாருங்கள்: கடைசிப் பெரிய எதிரியோடு மோதும் வேளையில் விரல் ஒரு கட்டம் இடப்பக்கம் வழுக்கினால் போதும். இன்புட் மெனுவிலேயே இருக்கும் ஹாட்கீஸ் பகுதியில் இந்த மூன்றையும் காலியாக்கிவிடுவது நல்லது. எஃப்2 ஆட்டத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும், எஃப்4 அதைத் திரும்பக் கொண்டுவரும், எஃப்1 மெனுவைத் திறக்கும் என்பவற்றை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

செலக்ட் பொத்தானுக்கு ரெட்ரோஆர்க் வலது ஷிஃப்ட் விசையை ஒதுக்கியிருப்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற விசைப்பலகை உதவி வசதி வேண்டுமா என்ற கேள்விப் பெட்டி ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும். வலது ஷிஃப்டை எட்டு விநாடிகள் பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற இன்னொரு வசதி வேண்டுமா என்று கேட்கும். விண்டோஸ் அமைப்புகளில் அந்தக் குறுக்குவழிகளை அணைக்கலாம், அல்லது செலக்டை வேறொரு விசைக்கு மாற்றிவிடலாம். நான் பின்னதைச் செய்தேன்.

விசைப்பலகையின் உள்ளமைப்பால் வரும் சிக்கல் வேறு வகை. திருப்பூரில் இருக்கும் என் அக்கா மகன், “மாமா, கோணையாச் சுட்டுட்டே தாவுனா, தாவவே மாட்டீங்குதுங்க” என்றான். அவன் ஒரே நேரத்தில் மேல், வலது, சுடுதல், தாவுதல் என நான்கு விசைகளை அழுத்துகிறான். விலை குறைந்த விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. நிரையும் நிரலுமாக ஓடும் மின்தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் விசைகள் அமைந்திருக்கும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகள் சேர்ந்து அழுந்தினால், நான்காவது மூலையும் அழுந்தியதுபோல மின்னோட்டம் சுற்றிவரும். அந்தப் பொய்யான அழுத்தத்தைத் தவிர்க்க, உள்ளிருக்கும் சில்லு மூன்றாவது விசையைக் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடும். மேல், இடது அம்புகளோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பல விசைப்பலகைகள் ஊமையாகிவிடுவது இதனால்தான். எமுலேட்டரில் எந்த அமைப்பை மாற்றியும் இதைத் தீர்க்க முடியாது. நோட்பேடைத் திறந்து, ஒதுக்க நினைக்கும் எழுத்து விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, எதையும் விடாமல் பிடித்துப் பாருங்கள். நான்கு எழுத்துகளும் திரையில் விழுந்தால் அந்தச் சேர்க்கை உதவும். ஏதேனும் ஒன்று விடுபட்டால் பக்கத்து விசையை முயன்று பார்க்க வேண்டும். அவனுடைய விசைப்பலகையில் ஜே, கே விசைகளுக்குப் பதில் கே, எல் விசைகள் ஒத்துவந்தன.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வேலை மீதமிருக்கிறது. ரெட்ரோஆர்க் தன் அமைப்புகளை வழக்கமாக முறைப்படி மூடும்போதுதான் கோப்பில் எழுதுகிறது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மூடுவதற்குள் கரண்ட் போய்விட்டால் மாற்றிய விசைகள் எல்லாம் போன வழியே போய்விடும். ஆகையால் முதன்மை மெனுவின் கான்ஃபிகரேஷன் ஃபைல் பகுதியில், தற்போதைய அமைப்பைச் சேமிக்கும் கட்டளையை உடனே கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஆடுவதானால் ஒரே விசைப்பலகை தாங்காது. மூலையில் கிடக்கும் பழைய யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றையும் கணினியில் செருகிவிடலாம். மின்தடச் சிக்கல் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனித்தனி என்பதால், ஒருவர் அழுத்துவது மற்றவரைத் தடுக்காது. விண்டோஸில் ரெட்ரோஆர்க் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால், இரண்டாமவருக்கு வலப்பக்க எண் விசைகள்போல வேறு விசைகளை, இரண்டாம் ஆட்டக்காரருக்கான போர்ட் 2-இல் ஒதுக்க வேண்டும். அந்த எண் விசைகளுக்கான Num Lock விளக்கு ஒளிர்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.