"பெரும்பாலும் எட்டும்"

"தலை பின்னிக்கொள்ளக் கை எட்டுமா, டாக்டர்?" என்று தோளெலும்பு முறிந்து வந்த அந்த அம்மா கேட்டார். "பெரும்பாலும் எட்டும்" என்றேன். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று எடுத்த முடிவு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. உறுத்துவது அந்தப் பதில்தான்.

அவருக்கு வயது 78. மேற்கை எலும்பின் தலைப்பகுதி மூன்று துண்டாகி உட்புறம் சாய்ந்திருந்தது. தோளில் தொடங்கிய இரத்தக்கட்டு முழங்கையைத் தாண்டி இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பின் வெளிக்கோடு கூர்தீட்டிய பென்சிலால் இழுத்ததுபோல் அவ்வளவு மெலிது. அப்படிப்பட்ட எலும்பில் உலோகத் தகடான பிளேட் வைத்தால் ஸ்குரூக்களுக்குப் பிடிமானம் இருக்காது. எலும்பின் தலைப்பகுதி அமிழும்போது அவை மூட்டுக்குள் துருத்திக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். பந்தையும் குழியையும் இடம் மாற்றிப் பொருத்தும் செயற்கை மூட்டை யோசித்தேன்; முந்தைய ஆண்டுதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் விட்டுவிட்டேன். பிரிட்டனில் 250 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், கையைத் தாங்கும் தொட்டில்கட்டான ஸ்லிங் மட்டும் போட்டவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளில் தோளின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் எனக்குத் துணை நின்றது. ஆனால் கட்டாயம் அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் கருதியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை, வசதியாக, அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஸ்லிங் போட்டோம். இரண்டாம் வாரத்திலேயே, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டும் பயிற்சியைத் தொடங்கினார். எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, எலும்புப்புரைக்கான மாத்திரையையும் தொடங்கி, அடுத்து இடுப்பெலும்பு முறியாமல் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுமையாக விளக்கினேன். அவராகக் கேட்ட அந்த ஒன்றை மட்டும் இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன்.

ஓராண்டு கழித்து வந்தபோது எலும்பு சாய்ந்தபடியே கூடியிருந்தது, வலி இல்லை, கை தோள் உயரம் வரை வந்தது. எங்கள் அளவுகோலில் அது நல்ல பலன், குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவருடைய தலைமுடி கழுத்தளவுக்கு வெட்டப்பட்டிருப்பதைக் கவனித்தேன். "எட்டவில்லை, அதனால் வெட்டிக்கொண்டேன்" என்றார், குறையாக அல்ல, தகவலாக.

"பெரும்பாலும்" என்றது பொய்யில்லை என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். எட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு சாய்ந்த எலும்பைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னது, அவருக்குத் தெம்பூட்டவா, நான் எடுத்துவிட்ட முடிவுக்கு அவர் தலையசைக்க வேண்டும் என்பதற்காகவா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

இப்போதெல்லாம், "தோள் உயரம் வரை வரலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது" என்கிறேன். சிலர் அதைக் கேட்ட மறுகணமே, "அப்படியானால் பிளேட் வைத்துவிடுங்கள்" என்கிறார்கள். பிளேட் வைத்தாலும் அதே உயரம்தான் வரக்கூடும் என்று நான் விளக்குவதற்குள், உடன் வந்தவர் அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்.